விமானத்துக்குப் பதறாத மீன்

பொழிச்சலூர் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவேயில்லை. வயதாகிவிட்டது, காது மந்தமாகத்தானே செய்யும் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் எங்கள் கிழட்டுத் தங்கமீன் ஞாபகத்துக்கு வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது இதே கூடத்தில்தான் மீன்தொட்டி இருந்தது. விமானம் போகும்போதெல்லாம் தண்ணீர் நடுங்கும்; மீன் பதறியடித்துக்கொண்டு உள்ளே கிடக்கும் மண்சட்டிக்குப் பின்னால் ஒளியும். அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன்; அத்தாவுக்கு அதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். ஒருநாள் விமானம் போயும் மீன் அசையவில்லை. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியிலேயே கிடந்தது.

"கெழடாயிடுச்சு, அதான்," என்றார் அத்தா.

தொட்டியைக் கண்டாலே முணுமுணுக்கும் அம்மா, கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். "வயசாயிடுச்சுன்னு அப்படியே விட்ருவீங்களா? ஒடம்பெல்லாம் ரவை ஒட்டுன மாதிரி இருக்கு பாருங்க. இது சீக்கு."

மீன் கடையில் கேட்டுவந்து, தண்ணீரை மாற்றி மாற்றி, கல்லுப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். மெல்ல வெள்ளைப் புள்ளிகள் மறைந்தன. பிறகொரு மத்தியானம் விமானச் சத்தத்துக்கு மீன் சட்டிக்குப் பின்னால் ஓடியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தா தட்டோடு எழுந்து நின்றுவிட்டார்.

அந்த மீன் ஞாபகத்துக்கு வந்த மறுநாளே அம்மாவைத் தாம்பரத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். "அழுக்குதாம்மா அடைச்சிருக்கு," என்று சொல்லி எடுத்துவிட்டார்.

சாயங்காலம் விமானம் வந்தது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இந்த எடத்துல மனுஷன் குடியிருப்பானா?"