'சூ' இல்லாத ஒரு சொல் வேண்டும்

இன்று பங்களாவில் சமைக்கவே கை ஓடவில்லை.

எஸ்டேட்டில் கூலிகள் குடியிருக்கும் லைனில் வளர்ந்த நாய்க்குட்டி ஒன்றைத் துரைசானி நேற்று தூக்கி வந்துவிட்டார். "என் பூனை மேல் பல் பட்டால் குட்டியைச் சுட்டுவிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் துரை தோட்டத்துக்குப் போனார்.

குட்டியை மேசைக் காலில் கட்டினேன். அலமாரி மேலிருந்த பூனை மெல்ல இறங்கி வந்து அதன் வாலை மோந்தது. குட்டி அசையவில்லை. நானும் மூச்சு விடவில்லை.

பயந்தது துரைசானிதான். குட்டியை விரட்ட, "ஷூ! ஷூ!" என்று கத்தினார்.

கயிறு அறுந்தது. பூனை திரைச்சீலையில் ஏறியது. குட்டியைப் பாய்ந்து பிடித்தேன்.

"லைன்ல நாய்கிட்ட 'சூ'ன்னா 'பாஞ்சு புடி'ன்னு அர்த்தமுங்கம்மா."

"அப்ப நான் என்ன சொல்லணும்?"

"'சும்மா இரு'ன்னு சொல்லுங்க."

குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டேன். பூனை மறுபடி இறங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் துரையின் குதிரைச் சத்தம். குட்டி காதை நிமிர்த்தியது. துரைசானி பதறிப்போய்ச் சொன்னார்:

"சூ... மா இரு!"

இப்போது பூனை பரண்மேல், குட்டி என் கோட்டுக்குள். துரை என்னைக் கூப்பிடுகிறார்.

மற்ற பங்களாச் சமையற்காரர்களே, நாயை அடக்க நல்ல வார்த்தை இருந்தால் உடனே சொல்லுங்கள். துரைசானி வாயில் அது எப்படி வரும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு!