முன்னறைக் கணப்பை நிறுத்தியவள்

லண்டன் குரோய்டனில் உள்ள குடிவரவு அலுவலகம் இரண்டு தடவை மறுத்த வதிவிட அனுமதியைச் சுவர்ணா மூன்றாம் தடவை வாங்கினாள். எரிவாயு வேலை படிக்கப் போன வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். உடுப்பு மாற்ற இடமில்லாமல் துடைப்பம் வைக்கும் அறையில் மாற்றிக்கொண்டு பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். "பொம்பிளைப் பிள்ளை பொயிலர் தூக்குமோ?" என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டாருக்கு அவளே வாசலைக் காட்டினாள். தமையன் வீட்டுச் சின்ன அறையில் இருந்துகொண்டு, விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துதான் இத்தனையும் படித்தாள். இன்று கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் நூறு வயது தாண்டிய வீடுகளுக்கு வெப்பப் பம்பு பூட்டவும், சுவர் நோகாமல் பழைய குழாய் மாற்றவும் அவளைத்தான் தேடுகிறார்கள்.

ஆனால் அவள் வென்றவற்றில் பெரியது கனகலிங்கத்தாரிடம் வென்றது.

அதுவரை அவள் கிறிஸ்துநாயகம் என்பவரிடம் வேலை பழகினாள். வேலையை அவள் செய்தாலும் தாளில் கையெழுத்து அவருடையது. எரிவாயு வேலைக்கான உரிம அட்டை அவள் பெயரில் வந்த கிழமையே அவர் அவளைத் தனியாக அனுப்பினார். வருடாந்தப் பரிசோதனை, அதுவும் தன் பழைய மாணவர் சங்கத்துச் சிநேகிதர் கனகலிங்கத்தின் வீட்டில்.

அது பழைய வீடு. முன்னறையில் ஒரு எரிவாயுக் கணப்பு, அதற்குப் பின்னால் புகைபோக்கிக்குள் ஒளிந்திருக்கும், வீட்டைச் சூடாக்கும் பழைய பொயிலர். அப்படியான பொயிலர் அறைக் காற்றை எடுத்துத்தான் எரியும். கழிவுப் புகை மேலே போக வேண்டும். போகாவிட்டால் மணமும் நிறமும் இல்லாத நஞ்சு வாயு அறைக்குள் இறங்கும்.

அந்த அறைக்குள்தான் கனகலிங்கத்தின் மகள் தக்ஷிகா பச்சைப்பிள்ளையோடு படுத்திருந்தாள். பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்கு இன்னும் கழியவில்லை. சற்று முன்புதான் பிள்ளையைக் குளிக்கவார்த்துச் சாம்பிராணி காட்டியிருந்தார்கள்.

"கெதியாப் பாத்திட்டு டிக் பண்ணிவிடு பிள்ளை" என்றார் கனகலிங்கம்.

சுவரின் அடியில் இருந்த காற்றுத் துவாரத்தின்மேல் வெள்ளி நிற ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.

"அங்கிள், இதை ஆர் மூடினது?"

"நான்தான். மூலையெல்லாம் எவ்வளவு வடிவா ஒட்டியிருக்கிறன் பாத்தியே! பிள்ளைக்குப் பனிக்காத்து அடிக்குதெல்லே."

கணப்புக்கு மேல் தட்டில் நஞ்சு வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இருந்தது. பின்பக்கத்தில் பற்றறி இருக்கும் இடம் வெறுமை.

"உது ஒரு பிசாசு. சாம்பிராணி போட்டால் ஒரே கத்து. பற்றறியைக் கழட்டி ரீவி றிமோட்டுக்குப் போட்டிட்டன். இப்ப ரீவியும் வேலை செய்யுது, பேரனும் நாள் முழுக்க நித்திரை கொள்ளுறான்."

அவர் சிரித்து முடிப்பதற்குள் சுவர்ணாவின் இடுப்பில் இருந்த வாயு அளக்கும் கருவி கத்தத் தொடங்கியது.

"இந்தா, உன்ரையும் கத்துது! சாம்பிராணிதான்!"

இருக்கலாம். சாம்பிராணித் தணலிலிருந்தும் அதே வாயு வரும். எது என்று அவளுக்கு நிச்சயமில்லை. பொயிலரை நிறுத்தி, தணல் சட்டியை முற்றத்தில் வைத்து, எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள்.

"முப்பத்தொண்டு கழியாமல் வாசல் தாண்டுறதோ?" குசினியிலிருந்து ஓடிவந்தாள் கனகலிங்கத்தின் மனைவி சிவகௌரி.

"அம்மா, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் எனக்குத் தலையிடி இருக்கேல்லை" என்றாள் தக்ஷிகா. "வீட்டுக்கு வரத் திரும்பவும் வந்திட்டுது. நீங்கள் பத்தியம் பிழைச்சதெண்டு ஏசினீங்கள்." பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு காருக்குள் போய் இருந்தாள். சிவகௌரியும் பின்னால் போனாள்.

ஜன்னல்களைத் திறந்து, கருவி பூச்சியத்துக்கு வரும்வரை சுவர்ணா காத்திருந்தாள். பிறகு மூடிவிட்டுப் பொயிலரை எரியவிட்டு, புகைக் குச்சி ஒன்றைக் கொளுத்திக் கணப்பின் ஓரத்தில் பிடித்தாள். மேலே இழுபட வேண்டிய புகை சுருண்டு அறைக்குள் திரும்பியது. கருவி மறுபடி கத்தியது.

இப்போது சாம்பிராணி இல்லை. கனகலிங்கம் குனிந்து தன் கையாலேயே ஒட்டுநாடாவைக் கிழித்தார். "சரி, திறந்தாச்சு. இப்ப டிக் பண்ணு."

அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். புகை மறுபடியும் அறைக்குள்தான் வந்தது.

"புகைபோக்கியும் அடைச்சிருக்கு அங்கிள். இதை நிப்பாட்டோணும்."

"முப்பத்தொண்டு முடியுமட்டும் விடு. ஜன்னலைத் திறந்து வைக்கிறம்."

"ஏலாது."

"குளிரிலை பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு? நீயோ?" எரிவாயு மீற்றர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "எடு போனை. கிறிஸ்துநாயகம் சொல்லட்டும்."

அவர் 'விடு' என்று சொல்லிவிட்டால்? பிள்ளையை மறுபடி அந்த அறைக்குள் கொண்டுவந்து கிடத்துவார்கள். மறுத்தால் இந்த வேலையும் போய்விடும். சுவர்ணா அவருக்கு அடித்து, போனை இருவருக்கும் கேட்கும்படி போட்டாள்.

"புகை எங்காலை போகுது?" என்று கேட்டார் கிறிஸ்துநாயகம்.

"ரெண்டு தரமும் அறைக்குள்ளை, அண்ணை."

"மச்சான், உவளுக்குக் கொஞ்சம் சொல்லு" என்றார் கனகலிங்கம்.

"நான் என்னத்தைச் சொல்ல, லிங்கம்? பாத்தது அவள். பேப்பரிலை இருக்கிறதும் அவளின்ரை பேர்." போன் வைக்கப்பட்டது.

கனகலிங்கம் அசையவில்லை.

"அங்கிள், நீங்கள் விலகாட்டி நான் காஸ் அவசர நம்பருக்கு அடிக்கோணும். அவங்கள் வந்து நிப்பாட்டுவாங்கள். அதுக்கிடையிலை ஒருதரும் உள்ளை வரக்கூடாது. நானும் இந்த வாசலை விட்டுப் போகமாட்டன்." போனில் அந்த நம்பரை எடுத்துப் பிடித்தாள்.

அப்போது வெளியே வீறிட்டு ஒரு அழுகை கேட்டது. சிவகௌரி கார்க் கதவைத் திறந்துகொண்டு கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை அழுறான்! பாலுக்கு அழுறான்! எத்தினை நாளாச்சு இப்பிடி அழுது!"

கனகலிங்கம் காரைப் பார்த்தார். கிழித்த ஒட்டுநாடா இன்னும் அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மீற்றர் பெட்டியிலிருந்து விலகிக் கார்ச் சாவியைத் தேடினார்.

தாயின் இரத்தத்தில் நஞ்சு வாயு கலந்திருப்பதை ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, தாயையும் பிள்ளையையும் அங்கேயே தங்கவைத்து மூச்சுக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். இரண்டு உயிரும் சேதமில்லாமல் வீடு திரும்பின. புகைபோக்கிக்குள் செங்கல் இடிந்து விழுந்து கிடந்தது பிறகு தெரியவந்தது. பழைய பொயிலரைக் கழற்றிவிட்டு, வெளிச்சுவர் வழியே புகை போகிற புதியதை அந்த வீட்டுக்குப் பூட்டியதும் சுவர்ணாதான்.

அன்று அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அவள் எரிவாயுவை மூடினாள். பொயிலரில் சிவப்பு எச்சரிக்கை மட்டையைக் கட்டினாள். தன் வேனிலிருந்து இரண்டு மின்சார ஹீற்றர்களை இறக்கி மேல்மாடி அறையில் வைத்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, ஆபத்தான பொயிலரை நிறுத்தியதற்கான தாளை நிரப்பினாள். பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள். அவள் செய்த வேலைக்கு அவளே இட்ட முதல் கையெழுத்து. பக்கத்தில் திகதி: 2023 ஜனவரி 17.