இரண்டு விரல் துணி

கைகள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தன. பிளேடு முனையால் மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, துணியை இரு பக்கமும் மெல்ல இழுத்தால் நூல் துண்டு துண்டாகக் கழன்று மடியில் விழுந்தது. துணியில் கீறல் இல்லை. பிரித்த இடத்தையெல்லாம் விரல்கள் உள்பக்கம் தடவிப் பார்த்தன. அங்கே எதுவும் இருக்காது என்று அவற்றுக்குத் தெரியும். தைத்தவை அவைதான்.

முப்பிடாதி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து பதினெட்டு வருடம். தையலை யாரும் சொல்லித்தரவில்லை. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் போட்டு, வெட்டியிருக்கும் விதத்தைப் பார்த்துப் படித்தாள். சுக்கு குடோனுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு, வாசலையொட்டி மெஷின். சாரல் அடித்தால் கதவைப் பாதி சாத்த வேண்டும். இன்று விடிந்ததிலிருந்து அது பாதி சாத்தியே கிடந்தது.

பள்ளிக்கூட நாடகங்களுக்கு எட்டு வருடமாகத் தைக்கிறாள். நாடக உடுப்பு என்றால் விலாவில் பக்கத்துக்கு இரண்டு விரல் துணி உள்ளே மடித்துவிடுவாள். பிள்ளைகள் திடீரென்று சதை போடுவார்கள், காய்ச்சலில் படுப்பார்கள், கோபித்துக்கொண்டு விலகுவார்கள். இன்று ஒருத்தி போட்டதை நாளை இன்னொருத்தி போடுவாள். அந்த இரண்டு விரலை விடாமல் அவள் தைத்தது ஒரே ஒரு சட்டை. அது அவள் மகள் ரோஜாவுக்கு.

பத்தாம் வகுப்பு ரோஜாவுக்குப் படகுக்காரி வேஷம், நாடகத்தின் பெரிய வேஷம். வெயிலில் வெளுத்த நீலச் சட்டை வேண்டும் என்றாள் நாடகம் பழக்கும் கங்கா டீச்சர். முப்பிடாதி துணியைச் சாயத்தில் முக்கி, சோப்பில் அலசி, காயப்போட்டு, மறுபடி அலசி, பதினோரு தடவை வெளுத்தாள். எர்ணாகுளத்தில் எந்தக் கடையிலும் அந்த நிறம் கிடைக்காது. வெட்டும்போது டேப்பைத் தொடவில்லை. பெற்ற உடம்புதானே. ஒட்டி வெட்டினாள்.

வட்டார அளவில் நடந்த உபஜில்லாப் போட்டியில் நாடகம் முதலாவதாக வந்தது. அடுத்தது திருப்பூணித்துறையில் மாவட்ட நாடக விழா. அதற்குள் ஊரில் முப்பிடாதியின் அப்பா இறந்துபோனார், குடும்பத்தோடு போனார்கள். நாலாம் நாள் டீச்சர் போன் செய்தாள். எட்டாம் நாள் மறுபடியும். ரோஜாவை மட்டும் பஸ் ஏற்றிவிடலாம் என்று புருஷன் மாரிச்செல்வமும் சொல்லிப் பார்த்தான். “பதினாறு கழியாம பேத்திய வேஷங்கட்ட அனுப்பிட்டான்னு ஊரு காறித் துப்பும்” என்று முப்பிடாதிதான் மறுத்துவிட்டாள். பதினேழாம் நாள் வந்து இறங்கினால், ரோஜாவின் இடத்தில் மாளவிகா பழகியிருந்தாள். நல்ல பெண். ரோஜாவைவிடப் பருமன்.

இன்று காலை டீச்சர் குடையோடு வந்து சட்டையை மெஷின்மேல் வைத்தாள்.

“இத்தனை நாளும் யூனிபார்மோடதான் ரிகர்சல். நேத்திக்குத்தான் மாளவிகா இதைப் போட்டுப் பாத்தா, விலாவுல ஏறவே மாட்டேங்கறது. நாளைக்குப் போட்டியாக்கும். நீதான் எப்பவும் உள்ள விடுவியே, கொஞ்சம் பிரிச்சுத் தா.”

“இதுல விடல டீச்சர்.”

“விடலையா? நீயா?”

“உள்ள துணி இல்ல.”

டீச்சர் சந்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். “லைட் போட்டிருக்கறதெல்லாம் இந்த நீலத்துக்கு. வேற சட்டை சரிப்படாது. எதுக்கும் பிரிச்சுப் பாரு. நிஜமாவே ஆகலைன்னா ரோஜாதான் ஏறணும், வசனமெல்லாம் அவளுக்குப் பாடமாச்சே. பன்னெண்டு மணிக்குப் போன்ல விளிக்கறேன்.”

பன்னிரண்டுக்கு ‘ஆகாது’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். மகள் மேடை ஏறிவிடுவாள். அது பொய்யும் ஆகாது, சட்டைக்குள் துணி இல்லைதான். முப்பிடாதி சுவர்ப் பக்கம் திரும்பாமல் பிரித்துக்கொண்டிருந்தாள். சுவரில், ரோஜாவின் ஆணியில், அந்தச் சட்டையின் மிச்ச நீலத் துணியில் தைத்த ஒரு பை தொங்கியது. நாடகத் தாள்களை வைக்க மகளுக்கு அவளே தைத்துக் கொடுத்தது.

அறையின் குறுக்கே தொங்கும் திரைக்குப் பின்னால் படுத்திருந்த ரோஜா எழுந்து வந்தாள். பையைக் கழற்றி, தாள்களையும் இரண்டு ஹேர்பின்னையும் கட்டிலில் கொட்டிவிட்டு, வெறும் பையை மெஷின்மேல் போட்டாள்.

“துணி இல்லன்னு ஏம்மா சொன்னிய?”

“சட்டைக்குள்ள இல்லன்னுதான் சொன்னேன்.”

“ஆமா. நல்லா யோசிச்சித்தான் சொல்லியிருக்கிய.”

“நீ ஏறுட்டி. ஒனக்குத் தெரியாத வசனமா?”

“வசனம் தெரியும். எங்க நிக்கணும்னு தெரியாது. எல்லாத்தையும் அவ நடைக்கு மாத்திட்டாங்க. நேத்து ஓரமா நின்னு பாத்தேன். நான் உள்ள போனா மத்த ஒம்பது பேரும் என்மேல வந்து முட்டுவாங்க.”

முப்பிடாதி பையைப் புரட்டினாள். “நாந்தான் ஒன்ன அனுப்பாம வச்சிருந்தேன்.”

ரோஜா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பையைப் பிரித்ததில் விலாவுக்கு இரண்டு பட்டை கிடைத்தது. ஒரு பக்கம் வைத்து ஓட்டியும் ஆயிற்று. அப்போது ரோஜா, “கடைசியில ரெண்டு கையையும் மேல தூக்கிப் படகைக் கூப்பிடணும். இப்பிடி வச்சா பிடிக்கும்” என்றாள். முப்பிடாதி தானே போட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தாள், அக்குளில் பிடித்தது. மறுபடி பிரித்தாள். பையின் வாரைக் கிழித்து, அக்குளுக்கு ஒரு சதுரத் துண்டைக் கோணலாக வைத்து மூட்டினாள். பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்ததும், “ஆகும் டீச்சர்” என்றாள்.

நாலு மணிக்கு டீச்சரும் மாளவிகாவும் நனைந்துகொண்டு வந்தார்கள். மாளவிகா திரைக்குப் பின்னால் போய் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். ரோஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“துணி எங்கேந்து வந்தது?” என்றாள் டீச்சர்.

“இருந்திச்சு டீச்சர்.”

“கையத் தூக்கு” என்றாள் ரோஜா. மாளவிகா தூக்கினாள். எங்கும் இழுக்கவில்லை. “தோள எறக்கு. படகு இன்னும் தூரத்துலதான் இருக்கு.” மாளவிகா தோளைத் தளர்த்திக்கொண்டு மறுபடி தூக்கினாள். ரோஜா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ம்” என்றாள்.

கழற்றிய சட்டையை முப்பிடாதி இஸ்திரி போட்டு, பையின் துணி வைத்த இடங்கள் உள்ளே போகும்படி மடித்து, மழை படாமல் பாலிதீன் உறைக்குள் வைத்தாள். டீச்சர் கை நீட்டினாள். முப்பிடாதி அதை ரோஜாவிடம் கொடுத்தாள். ரோஜா இரண்டு கையாலும் வாங்கி மாளவிகாவிடம் கொடுத்தாள்.