ஒரே அளவில் ஒரு யானையும் ஒரு தேரையும்

ஜென்சியைத் தெரிந்தவர்களே, இதை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முக்கியமாக என் அம்மாவுக்கு. நாளைக் காலை ஸ்கூல் பிரேயரில் ஜென்சியைப் பற்றி நான் பேச வேண்டும். அம்மாவே எழுதித் தந்துவிட்டாள். அதில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஸ்கூல் ஆட்டோவில் ஏறும்போதே டிரைவர் அண்ணன் சொன்னார்: "ஜென்சி வூட்டுக்கிட்ட இனிமே நிக்க வேணாம்மா. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில ராத்திரி போயிட்டாளாம்."

வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்திருந்தோம். வகுப்பில் அவளோடு ஒருநாளும் பேசாத பிள்ளைகள்கூட "என் பெஸ்ட் ஃப்ரெண்டு" என்று அழுதார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. இல்லாமல் போன பிறகும் அவள்தான் முதல்.

போன வருஷ அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு விலங்குகளை ஒப்பிடச் சொன்னார்கள். குலுக்கலில் எனக்கும் ஜென்சிக்கும் வந்தது யானையும் தேரையும். 'யானை பெரியது, தேரை சிறியது' என்று சார்ட்டில் ஆரம்பித்தேன். ஸ்கெட்ச் பேனாவைப் பிடுங்கினாள்.

"அது கண்ணுக்கே தெரியுதுடி. அத எழுத நாம எதுக்கு? ரெண்டையும் ஒரே சைஸுல செய்வோம். அப்பறம் என்ன வித்தியாசம் மிச்சம் இருக்குதுன்னு பாப்போம்."

மிச்சம் நிறைய இருந்தது. யானை இரண்டு வருடம் போலச் சுமந்து ஒரு குட்டி போடும். தேரை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதே இல்லை. ஈரத்தில் உட்கார்ந்தால் தோலே குடித்துக்கொள்ளும். யானையால் குதிக்க முடியாது.

"உன்னாலயும்தான்" என்றேன்.

"அதான் யானை எனக்கு, தேரை ஒனக்கு" என்று சிரித்தாள்.

என் சித்தப்பா வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் களிமண் வாங்கிச் செய்தோம். என் தேரைதான் அழகு, சித்தப்பாவே சொன்னார். ஆனால் உள்ளே கூடாக இருக்கும் பொம்மைக்கு அடியில் காற்றுப் போக ஊசியால் ஓட்டை போட வேண்டும். மறந்துவிட்டேன். சூளையில் தேரை வெடித்துச் சிதறியது.

"பீங்கான் பொம்ம செய்ற விருத்தாசலத்துல பொறந்துட்டு ஒரு ஓட்ட போடத் தெரியலியா?" என்று சித்தப்பா திட்டினார்.

கண்காட்சியன்று ஜென்சி தன் யானைக்குப் பக்கத்தில் ஈரமண்ணைக் குவித்து வைத்தாள். நடுவர் மேடம், "தேரை எங்கம்மா?" என்றார்.

"உள்ள தூங்குது மேடம். வெயில் காலத்துல யானை காதால விசிறிக்கும், இது மண்ணுக்குள்ள போயிடும். மழ பேஞ்சாதான் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். முதல் பரிசு. என் அம்மா வீட்டுக்கு வந்தும் விடவில்லை: "அவள மாதிரிப் பேச ஒனக்கு வருதா?" நாளைக்கு நான் படிக்க வேண்டியதும் அந்தக் கதைதான். என் தேரை அதில் இல்லை.

அவளை ஆளுக்கொரு பங்காக எடுத்துக்கொண்டார்கள். டீச்சருக்கு அவள் மார்க், அம்மாவுக்கு அவள் பேச்சு. எனக்கும் ஒன்று இருக்கிறது. மேடம் 'தேரை எங்கே' என்று கேட்டபோது மேசைக்கு அடியில் அவள் என் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. நகம் பதிந்தது. பதில் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை. ஜென்சிக்கும் பயம் வரும் என்று ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. நாளைக்கு அம்மா எழுதியதையே படிப்பேன். அந்தக் கையை மட்டும் அங்கே யாருக்கும் தர மாட்டேன். அது என்

அம்மா கதவைத் தட்டுகிறாள்