வெளிச்சத்துக்கு நின்ற முகம்

என் அண்ணன் மகளின் கலியாணம் வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் நடந்தது. படமெடுக்க வந்தவர் கொட்டாஞ்சேனைக்காரர். கையில் கமரா இல்லாதபோதும் இடது கண்ணைச் சுருக்கியே ஆட்களைப் பார்ப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றுவிட்டார்.

"அண்ணை, உங்கட முகம் வேணும்."

"ஏன் தம்பி?"

"ஸ்பொட் மீற்றரிங். நடுவில ஒரு பொட்டளவு இடத்திலதான் கமரா வெளிச்சத்தை அளக்கும். மாப்பிள்ளையின்ர பட்டு வேட்டியில அளந்தால் படம் இருண்டுபோகும். உங்கட நிறம்தான் கணக்காய் இருக்கு."

அறுபது வயதில் முதன்முறையாக என் நிறத்தை ஒருவர் பாராட்டினார். அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் என்னை மணமக்கள் முன்னால் நிறுத்தி அளப்பார். அளந்ததும் "விலகுங்கோ" என்பார். தாலி கட்டும் நேரம் நான் சாப்பாட்டுப் பக்கம் போயிருந்தேன். "ஐயா, அண்ணை வரட்டும்!" என்று குருக்களையே மறித்துவிட்டார். கெட்டிமேளம் எனக்காகக் காத்து நின்றது.

அல்பத்தில் ஒரு படம்கூடப் பிழையாய்ப் போகவில்லை. கனடாவிலிருந்து தங்கச்சி கோல் எடுத்தாள்.

"எல்லாப் படமும் பார்த்தன். சின்னண்ணை, நீங்கள் கலியாணத்துக்குப் போகேல்லையோ?"

"வெளிச்சத்தை வடிவாய்ப் பார்," என்றேன். "எல்லாத்திலயும் நான்தான் நிக்கிறன்."