பத்தொன்பது நிமிஷம் நடந்த ஏரி

என் மருமகன் க்ளென், காக்ஸ் டவுன் பக்கம் ஒரு கடையில் ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். கூட்டாளிகள் இரண்டு பேரோடு கல்யாண வீடுகளில் கிடார் வாசிப்பான். நல்ல பிள்ளை, ஆனால் ஒரு பைத்தியம் உண்டு. தண்ணீர் வற்றின ஏரி ஒன்று எழுந்து மழையைத் தேடி நடக்கிறதாம், அப்படி ஒரு தடிப் புத்தகம். எனக்கு எழுத்து தெரியாது, அவன் சொல்லித்தான் கேட்டேன். அதைப் படித்துவிட்டுப் பாட்டுக் கட்டினான். பத்தொன்பது நிமிஷம். சைக்கடெலிக் ராக் என்பான். கிடார் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடும், டிரம் பாதியில் தூங்கிப்போய்த் திடுக்கென்று எழும். காது போய்விடும் என்று என் மகள் ஜோசஃபின் கத்துவாள். எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

க்ளெனுக்கு ஒரே ஆசை, ஜனங்கள் முன்னால் அதை ஒரு தடவை முழுசாக வாசிக்கணும். பதினோரு வருஷமாக இரண்டு நிமிஷம் தாண்டவில்லை. அதற்குள் யாராவது வந்து டான்ஸ் பாட்டு கேட்பார்கள்.

போன மாசம் பக்கத்து வீட்டு ஆஞ்சலாவுக்குக் கல்யாணம். எங்கள் சர்ச் கல்யாணங்களில் கிராண்ட் மார்ச் என்று ஒரு ஊர்வலம் உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால், நாங்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்துப் பின்னால், மண்டபத்தைச் சுற்றுவோம். நிகழ்ச்சி நடத்துகிறவர் கை காட்டினால்தான் பேண்ட் நிறுத்தணும். அன்றைக்கு நடத்தியது ஆஞ்சலாவின் தம்பி நோயல், புதுசு. பாட்டு தானாக முடிகிறவரை மார்ச் போகணும் என்று நினைத்துவிட்டான்.

இரண்டு நிமிஷத்துக்கு என்றுதான் க்ளென் ஏரிப் பாட்டை எடுத்தான். இவன் நோயல் கையைப் பார்க்கிறான், நோயல் இவன் கிடாரைப் பார்க்கிறான். ஊர்வலம் மண்டபம் போதாமல் சமையல்கட்டு வழியாக வெளியே போய், பிரியாணி தேக்சாவைச் சுற்றி, ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நுழைந்து திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் மாமா ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். டிரம் தூங்கின இடத்தில் எல்லாரும் மூச்சு வாங்கினோம். அது எழுந்தது, நாங்களும் நடந்தோம்.

ஜோசஃபின் என் கையை இழுத்தாள். "மம்மி, முட்டி வலிக்குதுன்னு உட்காரு. நீ உட்கார்ந்தா நிறுத்திடுவாங்க."

"ஏரி இன்னும் மழையைப் பார்க்கலடி," என்றேன். நடந்தேன்.

முடிந்ததும் ஒருத்தரும் கை தட்டவில்லை, நாற்காலி பிடிக்க ஓடினார்கள். ஆஞ்சலா மட்டும் தலைக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டே வந்து, "க்ளென் அங்கிள், இது என்ன பாட்டு?" என்று கேட்டாள்.

க்ளென் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தான். ஜோசஃபின் பிரியாணித் தட்டைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். வாய் நிறைய வைத்துக்கொண்டே சொன்னான்.