கால் போடாத மாரி

கணேசமூர்த்தி மாமாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, பேசவும் வராது. மலாக்காவில், காஜா பேராங் பகுதியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் இருந்த, பல தலைமுறைக்கு முன்பே தமிழை விட்டு மலாய்க்கு மாறிவிட்ட மலாக்கா செட்டி குடும்பம் அவருடையது. நெற்றி நிறையத் திருநீறு, பேச்செல்லாம் மலாய். ரப்பர் கிடங்கில் நிறை பார்த்துக்கொண்டிருந்தார். மலாயாவின் சுதந்திரத்துக்காக ஆகஸ்டு கடைசியில் நகரத் தமிழர்கள் நடத்தவிருந்த கலைவிழாவில் அம்மன் பாட்டு ஒன்று பாட வேண்டும் என்று ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஓர் ஆசை வந்தது.

"ஏன் மாமா, நம்ம கோயில்ல பாடுறது போதாதா?" என்று மலாயில் கேட்டேன்.

"கோயில்ல அம்மனுக்குத் தெரியும் நான் யாருன்னு. டவுன்ல இருக்கிற உங்க ஆளுங்களுக்குத்தான் தெரியல" என்றார்.

ஐந்து வருடம் கப்பலில் தாதியாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் நான் வீடு திரும்பியிருந்தேன். ஏடனில் வாங்கிய ஒலிப்பதிவுப் பெட்டி என்னிடம் இருந்தது. பாட விரும்புகிறவர்கள் முதலில் ஆர்மோனிய வாத்தியார் கலியாணசுந்தரத்திடம் பாடிக்காட்ட வேண்டும். நேரில் போக மாமா கூச்சப்பட்டதால், அவர் வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்தோம்.

பாட்டு அவருடைய அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் ரூமியில், அதாவது மலாய்க்காரர்கள் எழுதும் ஆங்கில எழுத்தில் இருந்தது. கும்மி மெட்டில் துள்ளிப் போகவேண்டிய பாட்டு. மாமா கண்ணை மூடிக்கொண்டு, செட்டி கல்யாணங்களில் வயலினும் ரெபானா மேளமுமாகப் பாடும் மலாய்க் காதல் பாட்டான தொண்டாங் சாயாங்கைப் போல, மெல்ல இழுத்து இழுத்துப் பாடினார். ஒரே ஒரு சொல்லை மட்டும் இழுக்கவில்லை. "மரி மரி எங்கள் மரி, மனமிரங்கி வா."

எனக்கு அன்றே காதில் பட்டது. ஆனால் குரல் அவ்வளவு குழைந்திருந்தது. நிறுத்தித் திருத்த மனம் வரவில்லை. அது என் தப்பு.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் வாத்தியார் வீடு. நாடா ஓடியது. இரண்டாவது அடியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா சீதா, அம்மனக் கும்புடுறாரா, சாகச் சொல்றாரா? மரி மரின்னா செத்துப்போன்னுல்ல அர்த்தம்! மா-வுக்குக் கால் எங்கம்மா?"

"அவருக்கு எழுத்து தெரியாதுங்க வாத்தியாரே. குரலக் கேளுங்க."

"குரல் தங்கம்லா. ஆனா இது அம்மன் பாட்டே இல்ல, தொண்டாங் சாயாங். மலாய் ஆபீசருங்க வராங்க. மலாய்ப் பாட்டுன்னு போட்டுருலாமா?"

"ஒத்துக்க மாட்டாரு."

"அப்ப அந்தச் சொல்லத் திருத்திக் கூட்டியா. மெட்டு எப்படியோ போகட்டும்."

மாமாவிடம் மலாய்ப் பாட்டு யோசனையை முதலில் சொன்னேன். "மலாய்ப் பாட்டுக்கு மலாய்க்காரங்க இல்லையா?" என்றார். பிறகு சொல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். மாரியம்மனை அவர் நீட்டித்தான் சொல்வார். பாட்டில் வருவது அம்மன் பெயர் என்பதே அவருக்குத் தெரியாது. ரூமியில் 'mari' என்று இருந்ததை, வா என்று அழைக்கும் மலாய்ச் சொல்லாக நினைத்திருந்தார்.

"வா வா எங்கள்கிட்ட வா... அப்படித்தானே? கூப்பிடத்தானே செஞ்சேன்?"

"தமிழ்ல அதைக் குறுக்கினா வேற அர்த்தம் மாமா."

"என்ன அர்த்தம்?"

சொன்னேன். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் மனைவிக்குக் காய்ச்சல் கண்ட ஒன்பது நாளும் இதைத்தான் பாடினேன்" என்றார். அவர் மனைவி அந்தக் காய்ச்சலில் போனவர். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினார்.

இரண்டு வாரம் பழகினோம். மாரி என்று தனியாகச் சொன்னால் சரியாக வந்தது. கண்ணை மூடிப் பாடத் தொடங்கினால் கால் போய்விடும். கண்ணைத் திறந்துகொண்டு பாடினால் சொல் சரி, குரல் செத்துவிடும். வாத்தியார் பட்டியலில் சேர்த்திருந்த பேரை மாமாவே எடுத்துவிடச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

விழாவன்று மேடையேறிக் கண்ணை மூடினார். அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் வாயையும் மூடிக்கொண்டார். வயலின் மட்டும் போனது. "எங்கள்..." என்று தொடர்ந்தார். மறுபடி அந்த இடம், மறுபடி மௌனம். கடைசி அடிவரை அப்படியே பாடினார். மெட்டில் அப்படி ஒரு நிறுத்தம் உண்டு என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. வாத்தியார் மட்டும் தட்டாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மேடைக்குக் கீழே புக்கிட் காதில் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் மாமாவை மறித்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப உருக்கமாப் பாடுனீங்க ஐயா. எந்தச் சாமி பாட்டுங்க அது?"

மாமா என்னைப் பார்த்தார். அவள் கேட்டதை நான் மலாயில் சொன்னேன். பதில் சொல்ல வாயெடுத்தார். "மா" என்று நீட்டினார், நிறுத்தினார், அந்த அம்மாளுக்குக் கைகூப்பிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார்.